காய்க்கு ஆகாத புகை

எங்கள் ஸ்டோருக்குள் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. ஏலக்காய் அப்படிப்பட்ட சரக்கு. பக்கத்தில் என்ன வாடை இருக்கிறதோ அதை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை புகை வாடை ஏறிவிட்டால் எத்தனை நாள் காற்றாட விட்டாலும் போகாது. வாங்க வருகிறவர் நாலு காயை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, மூட்டையைத் தள்ளிவிடுவார். அதனால் முதலாளி வாசலிலேயே சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறார். வாயில் சிகரெட்டோடு உள்ளே கால் வைத்த ஒரு லாரி டிரைவரை அவர் விரட்டிய விரட்டில், அந்த ஆள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அதில் நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

போடியில் இருக்கிற அந்த ஸ்டோரில் நான் காய் பொறுக்குகிறவள். பெண்கள் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிப்போம். மதியம் சாப்பிட ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் உண்டு. அதற்கு ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்து, மேஸ்திரியும் மூட்டை தூக்குகிறவர்களும் அங்கே வந்து பீடி பற்ற வைப்பார்கள். காய்க்குப் பக்கத்தில் பிடிக்கக் கூடாதல்லவா, அதனால் எங்களுக்குப் பக்கத்தில்!

எனக்கு வீசிங் உண்டு. முன்பெல்லாம் பனிக்காலத்தில் மட்டும்தான் வரும். அந்த ஷெட்டில் சாப்பிட ஆரம்பித்த பிறகு, பையில் இன்ஹேலர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. நான் இருமினால் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஆடாதோடைக் கஷாயம், துளசி, மிளகு, காலையில் வெந்நீர். பீடியை அணைக்கச் சொல்லி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள், நான் மதினி என்று கூப்பிடுகிறவள், ஒரு நாள் சொன்னாள்: "எங்க வீட்ல அவுக இருபது வருசமா கட்டில்ல உக்காந்துக்கிட்டுத்தான் பீடி குடிக்கிறாக. எனக்கென்ன ஆச்சு? ஒனக்கு ஒடம்புல சத்தில்ல."

நானே மேஸ்திரியிடம் கேட்டேன். "அண்ணே, சாப்புடுற நேரத்துல மட்டும் வெளிய போய்க் குடிங்கண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்தா, நான் ஜன்னலப் பாத்துத்தான விடுறேன். அது திரும்பி ஓங்கிட்ட வந்தா நான் என்ன செய்ய?"

ஆனி மாதத்தில் ஒரு நாள், சாரல் உள்ளே அடிக்கிறது என்று அந்தப் பாதி ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். இரண்டு வாய் சோறுதான் சாப்பிட்டிருப்பேன். மூச்சு அடைத்துக்கொண்டது. இன்ஹேலரை அடித்தும் கேட்கவில்லை. பெண்கள் முதுகைத் தடவினார்கள். மேஸ்திரி பதறிப்போய் ஓடி வந்து, டிபன் பாக்ஸ் மூடியால் எனக்கு விசிறினார். "மூச்ச நல்லா உள்ள இழு ஆத்தா! நல்லா இழு!" விசிறியது ஒரு கை. இன்னொரு கையில் பீடி எரிந்துகொண்டே இருந்தது. அட பாவி மனுசா, எதை இழுக்கச் சொல்கிறாய்?

தேனியில் ஒரு டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புகை இருக்குற இடம் உங்களுக்கு ஆகாது. அந்த வேலைய விட்டுடுங்கம்மா" என்றார். பிடிக்கிறவன் பிடித்துக்கொண்டே இருப்பானாம், மூச்சு முட்டுகிறவள் வேலையை விட வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்? இதை விட்டால் விடியக்காலை ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்குக் களை வெட்டப் போக வேண்டும். மேட்டில் ஏற எனக்கு மூச்சு இருந்தால் நான் ஏன் காய் பொறுக்க உட்காருகிறேன்?

முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனுஷர்தான், முழுதாகக் கேட்டார். "பாவம்மா நீ. நாளையிலருந்து அங்கன வேப்பமரத்தடியில உக்காந்து சாப்புடு. நல்ல காத்து" என்றார். ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், சோறு பாதி, மண்ணு பாதி. இரண்டு நாள் தின்றுவிட்டு ஷெட்டுக்கே திரும்பினேன்.

ஆவணியில் புதுக்காய் வந்து குவிந்தது. ஸ்டோரில் கால் வைக்க இடமில்லை என்று, மேஸ்திரியே நாலு மூட்டையைக் கொண்டுவந்து ஷெட்டில் அடுக்கினார். அன்று மதியம் வாயில் பீடியும் கையில் தீப்பெட்டியுமாக வந்தவர், மூட்டைகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். நான் கெஞ்சியும் போகாத கால்கள்!

சாயங்காலம் விஷயம் தெரிந்து முதலாளி ஓடி வந்தார். மூக்கை உறிஞ்சினார். "இந்த நாத்தத்துக்குள்ளயா காய வச்சிருக்கீக? அறிவிருக்கா?" பத்தே நிமிஷத்தில் மூட்டைகள் ஸ்டோருக்குப் போய்விட்டன. நாங்கள் அங்கேயே இருந்தோம். மறுநாள் மதியம் பீடிகளும் வந்துவிட்டன.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் ஒரு வெறும் சாக்கை எடுத்தேன். கூட்டித் தள்ளுகிற சருகையும் காம்பையும் தூசியையும் அதில் அமுக்கி, வாயை இறுக்கிக் கட்டி, ஷெட்டின் நடுவில் நிறுத்தினேன். இது என்ன மூட்டை என்று மேஸ்திரி கேட்டார். "சாம்பிள் காய். நாத்தம் போயிருச்சான்னு பாக்க மொதலாளிதான் இங்கன வைக்கச் சொன்னாக. வாடை ஏறுச்சுன்னா ஒங்களத்தான் கேப்பாக" என்று கண்ணை மூடிக்கொண்டு பொய் சொன்னேன். அன்றைக்கே எல்லோரும் வெளியே சுவரோரம் போய் நின்றார்கள்.

இரண்டு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு ஒரு மதியம் முதலாளி எட்டிப் பார்த்தார். "இங்கன காய வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்று மூட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு கையிலேயே வந்துவிட்டது. கட்டைப் பிரித்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?"

வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "காய்னு நெனச்சாத்தான் மொதலாளி அவுக வெளிய போறாக. எனக்கு மூச்சு முட்டுதுன்னு நானும்தான் சொன்னேன். ஒருத்தரும் போகல."

அவர் சாக்கின் வாயைத் தன் கையாலேயே திரும்பக் கட்டி, இருந்த இடத்தில் வைத்தார். வெளியே போய்ச் சுவரோரம் நின்றவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மேஸ்திரி, பாத்து. உள்ள காய் இருக்கு."

இப்போது ஷெட்டில் புகை இல்லை. இன்ஹேலர் பாதி நாள் பையிலேயே கிடக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே பொம்பளைகள் இருக்கிறார்கள் என்று சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வரவில்லையே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.