மான் சுடாத வெர்னாவின் மான் லீவு

எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் கட்டைவிரல் தைப்பவள் வெர்னா க்ளைன். உள்ளங்கையையும் நான்கு விரல்களையும் யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். கட்டைவிரல் அப்படியில்லை. வளைந்து உள்ளே போகும் தையல் அது. நூலிழை பிசகினாலும் கையுறை குப்பைக்குத்தான் போகும். பத்தொன்பது வயதில் அந்த மெஷினில் உட்கார்ந்தவள், இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறாள். நடுவில் லாயிடைக் கல்யாணம் செய்து மூன்று பையன்களைப் பெற்றாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். மெஷின் பழுதானால் மெக்கானிக் முதலில் அவளிடம்தான் ஓடுவான், அவள் வாய்க்கு அவ்வளவு பயம். பக்கத்து மெஷின்காரி நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில், நவம்பர் கடைசி வாக்கில் ஒரு வியாழனன்று வான்கோழி விருந்தோடு வரும் நன்றித் திருநாள் முடிந்து, அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்கும். பள்ளிக்கூடமே மூடிவிடுவார்கள். எங்கள் தொழிற்சாலைக்கும் சம்பளத்தோடு விடுமுறை. பழைய முதலாளி பெருந்தன்மையால் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். அன்று துணி வெட்டும் ஆண்களில் ஒருவனும் வரமாட்டான், வெட்டாத துணியைப் பெண்கள் தைக்க முடியாது, அதனால் கொடுத்தார். எப்படிக் கொடுத்தால் என்ன, கிறிஸ்துமஸைவிட நாங்கள் அதைத்தான் எதிர்பார்த்திருந்தோம். கிறிஸ்துமஸுக்குச் சமைப்பது யார்?

அந்த அக்டோபரில் புது மானேஜராக வந்தார் கிரெக் டட்டன். கடலோர ஊர்க்காரர். மானைப் படத்தில்தான் பார்த்திருப்பார். வந்த மூன்றாவது வாரம் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் மான் திங்கள் விடுமுறை. மற்றவர்கள் வேலைக்கு வர வேண்டும், ஒன்றரை மடங்கு சம்பளம், கூடவே கம்பெனி பெயர் போட்ட ஒரு காப்பிக் குவளை. துணியை முந்தின வாரமே வெட்டி அடுக்கிவிடப் போகிறாராம். கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

வெர்னா காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"கிரெக், இந்த லீவை நிறுத்த உங்களுக்கு யாரு சொன்னது?"

"நிறுத்தலைங்க வெர்னா. வேட்டைக்குப் போறவங்களுக்கு அப்படியேதான் இருக்கு. நீங்க மான் சுடுவீங்களா?"

"இல்ல."

"அப்புறம் மான் லீவு உங்களுக்கு எதுக்கு? கூட அரை நாள் சம்பளம் வருதே, வேண்டாமா?"

"குவளை வேற குடுக்கறீங்க, அதையும் சொல்லுங்க," என்றாள் வெர்னா. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டின்போது நானே அவளிடம் கேட்டேன். "சம்பளம் கூட வருதுல்ல. நீ ஏன்டி இப்படி எகிறறே?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே லாயிடும் பசங்களும் காட்டுக்குப் போயிடுவாங்க, நடீன். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு லாயிட் நாற்காலில உட்காருவேன். மிச்சமிருக்கற வான்கோழியைச் சட்டியிலிருந்து கையாலேயே எடுத்துத் தின்பேன். தட்டு கூட எடுக்க மாட்டேன். வேற ஒண்ணும் பண்ண மாட்டேன். 'வெர்னா, என் சாக்ஸ் எங்கே', 'அம்மா, என்ன சாப்பாடு' இப்படி ஒரு சத்தம் இருக்காது. பொழுது சாயற வரைக்கும் என் பேரு என் காதுல விழாது. வருஷத்துல அந்த ஒரு நாள்தான். அதை அந்த ஆளு குவளைக்கு விலை பேசறான்."

சுற்றியிருந்த ஒவ்வொருத்தியும் தன் தன் வீட்டை நினைத்திருப்பாள். நான் நினைத்தேன்.

"லைசென்ஸ் இருந்தா லீவுன்னுதானே போட்டிருக்கான்?" என்றாள் வெர்னா. "வாங்கிடுவோம்."

முதன்முறை லைசென்ஸ் வாங்குகிறவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். தீயணைப்பு நிலையக் கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு. வழக்கமாகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வருவார்கள். அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு நடுவில் நாங்கள் இருபத்தாறு பெண்கள், குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"துப்பாக்கியை எடுத்ததும் முதல்ல என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"புருஷன் கிளம்பிட்டானான்னு பாக்கணும்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, கூடமே அதிர்ந்தது. ஆனால் பரீட்சையில் ஒருத்திகூடத் தவறவில்லை. வெர்னா ஒரு கேள்விக்குக்கூடத் தப்பாக எழுதவில்லை. லைசென்சுக்குக் கட்டியதில் அந்த ஒரு நாள் சம்பளத்தில் பாதி போய்விட்டது. ஒருத்தியும் கணக்குப் பார்க்கவில்லை.

நன்றித் திருநாளுக்கு முந்தின நாள் காலை டட்டன் தையல் கூடத்துக்குள் வந்தார். மெஷினுக்கு மெஷின் ஆரஞ்சு நிறம். இருபத்தாறு பேரும் வேட்டைக்காரர்கள் போடும் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகில் லைசென்ஸைக் குத்திக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி தைத்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க எல்லாருமா மான் சுடப் போறீங்க?"

வெர்னா தையலை நிறுத்தவில்லை. "லைசென்ஸ் வேணும்னுதான் போட்டிருக்கீங்க. சுடணும்னு போடலையே."

மதியத்துக்குள் பலகையில் வேறு காகிதம் வந்தது. அனைவருக்கும் வழக்கம்போல் விடுமுறை. குவளைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். நிஜமான சண்டை இன்னும் பாக்கி என்று எனக்கு அப்போது தெரியாது.

திருநாள் கழிந்த சனிக்கிழமை, வெர்னாவின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைக்குள் லாயிட் மரத்தூள் ஒட்டிய தலையோடு வந்தான். நல்ல மனிதன் லாயிட். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அன்று அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"வெர்னா, மானுக்குக் காத்திருக்க மரத்து மேல கட்டியிருந்த என் இருக்கையைப் பிரிச்சு ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி கட்டிட்டேன். உனக்கு முதுகு சாய பலகைகூட வெச்சிருக்கேன். லைசென்ஸ் வாங்கினியே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? டவுன் பூரா சொல்லிட்டேன், என் பொண்டாட்டி என்கூட வர்றான்னு."

லைசென்ஸ் வாங்கியவள் காட்டுக்கு வராமல் வேறு எதற்கு வாங்குவாள்? எங்கள் ஊர் ஆணுக்கு வேறெப்படியும் தோன்றாது. அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? நானாக இருந்தால் தலைவலி, இடுப்புவலி என்று எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இல்லையென்றால் பாவம் என்று போய் மரத்தில் ஏறியிருப்பேன். அடுத்த வருடமும் ஏறியிருப்பேன், அதற்கடுத்த வருடமும்.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வரல, லாயிட்."

"குளிருக்கா? கம்பளி இருக்கு."

"குளிருக்கில்ல. நான் அந்த ஆளோட மல்லுக்கு நின்னது உன்கூட மரத்துல உட்கார இல்ல. நீ இல்லாத வீட்டுல உட்கார."

லாயிட் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப இத்தனை வருஷமா," என்றான் மெதுவாக, "நான் எப்படா கிளம்புவேன்னு காத்துக்கிட்டு இருந்தியா?"

"அந்த ஒரு நாளுக்கு, ஆமா."

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல. நீ நல்லவன்தான். நல்லவன் வீட்டுலயும் ஒருத்தி வருஷத்துல ஒரு நாள் யாருக்கும் ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதுக்கு உங்கிட்ட காரணம் சொல்லணும்னாகூட அது லீவு இல்ல."

அவள் குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வருத்தத்தைத் துடைக்கவும் போகவில்லை. அதுதான் எத்தனை கஷ்டம் என்று பெண்ணாகப் பிறந்தவளைக் கேட்டால் தெரியும்.

லாயிட் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான், அது தரையில் விழுந்தது. பார்த்தான். தானே துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். கூட்டி முடித்து, கதவருகில் நின்று, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"திங்கட்கிழமை நான் எத்தனை மணிக்குத் திரும்பி வரட்டும்?"

வெர்னா யோசித்தாள். எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லப் போகிறவள்போல நான் அவளையே பார்த்தேன்.

"நல்லா இருட்டினதுக்கு அப்புறம் வா," என்றாள். "பசங்களையும் கூட்டிட்டு, வழியில சாப்பிட்டுட்டு வா."