மீன் ஏறாத அடுப்பு

எங்கள் வீட்டு அடுப்பில் இனி மீன் ஏறாது என்று நடராஜரிடம் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்த சமயம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் நெஞ்சு தூக்கிப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து, இவர் மூச்சைத் திருப்பிக் கொடுத்துவிடு சாமி, எங்கள் வீட்டில் கவிச்சியே கிடையாது என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்தார். புவனகிரியில் வெள்ளாற்று மீனைத் தின்று வளர்ந்த மனுஷர், அதற்கப்புறம் ஒரு நாளும் மீன் வேண்டும் என்று கேட்டதில்லை. தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். அவ்வளவுதான்.

போன வருஷம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் எலித் தொல்லை அதிகமானது. பூஜை அலமாரியில் விளக்குத் திரியை எண்ணெயோடு இழுத்துக்கொண்டு போய்விடும். மருந்து வைத்துக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடலூரில் ஒரு அம்மா, தெருவில் அடிபட்டுக் கிடக்கிற நாய், பூனைகளை எடுத்து வந்து வளர்க்கிறார், கேட்டால் கொடுப்பார் என்று மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் தங்கை சொன்னாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது அங்கேயும் போனோம்.

நல்ல துறுதுறுப்பான குட்டிகள் நிறைய இருந்தன. இவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, தனிக் கூண்டில் சுருண்டு கிடந்த ஒரு சாம்பல் பூனைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் பீளை. மூக்கில் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஆஸ்பத்திரியில் கேட்டது.

"அத வேணாங்க. சளி ஜாஸ்தி. தேறுமான்னே தெரியல" என்றார் அந்த அம்மா. "எலி புடிக்கத்தான கேட்டீங்க? இந்த வெள்ளக்குட்டிய எடுத்துக்குங்க."

"எலிய நான் புடிச்சிக்கிறேன். இது வரட்டும்" என்றார் இவர்.

ஒரு பிளாஸ்டிக் கூடையில் துண்டு போட்டு மூடி பஸ்ஸில் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அது தும்மிக்கொண்டே வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, இதுக்கு டிக்கெட் வேணாம், மாஸ்க் போட்டு விடுங்க மாமா என்று கிண்டல் செய்தார். இவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சிதம்பரம் வந்ததும் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசி போட்டு, சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாத்ரூமில் வெந்நீரை நிரப்பி, அந்த ஆவியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். தனக்கு நர்ஸ் சொன்னதை அதற்குச் சொல்வார், மெல்ல இழு, மெல்ல விடு என்று. மூச்சு கொஞ்சம் லேசானது மாதிரிதான் இருந்தது. ஆனால் சாப்பிடவில்லை. பால் வைத்தேன், தயிர்சாதம் வைத்தேன், நெய் விட்டுப் பிசைந்து வைத்தேன். தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

திரும்ப டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"மூக்கு அடச்சிருக்கும்மா. வாசன தெரியாம பூன வாய் வைக்காது. மத்தி மீன வேக வச்சு சூடா வைங்க, அந்த நெடிக்குத் தின்னும். பட்டினி கெடந்தா ஊசி மட்டும் காப்பாத்தாது."

வேண்டுதலை டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம், பருப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள் என்று மாற்றிச் சொன்னேன். அவருடைய மூச்சை வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு. ஒரு பூனைக்காக அதில் கை வைக்கலாமா? எனக்கு முடிவு பண்ணத் தெரியவில்லை. தெருமுனை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து, வெள்ளை வந்தால் மீன் வைக்கிறேன், சிவப்பு வந்தால் வைப்பதில்லை என்று மனசில் சொல்லி அம்மன் காலடியில் போட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் செம்பருத்தி.

சாமி சொன்ன பிறகு நான் என்ன செய்வது? மறுநாளும் பருப்புத் தண்ணீரையே சிரிஞ்சில் எடுத்து வாயோரத்தில் விட்டேன். பாதி வெளியே வழிந்தது. அது என்னைக் கடிக்கக்கூட இல்லை. அடுத்த நாள் எழுந்திருக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தது.

இவர் அதைத் தூக்கிக்கொண்டு தானே டாக்டரிடம் போனார். திரும்பி வரும்போது கையில் மீன் பை இருந்தது. பருப்புத் தண்ணீர் என்று ஏன் மாற்றிச் சொன்னாய் என்று என்னைக் கேட்கவில்லை. கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து, பழைய அலுமினியச் சட்டியை ஏற்றினார். நான் ஓடிப்போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க, வேணாங்க. உங்க உசுருக்கு வேண்டுனதுங்க அது. பூ கூட செவப்புதான் வந்துச்சி."

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "என் மூச்சு போறப்ப போவும். அது பசியோட போவ வேணாம்."

மத்தி வெந்த நெடி கொல்லை முழுக்கப் பரவியது. பல வருஷம் கழித்து எங்கள் இடத்தில் அந்த வாசனை. இவர் முள்ளை எடுத்து, விரலில் மசித்து அதன் மூக்குக்குக் கீழே காட்டினார். அதன் காது அசைந்தது. தலையைத் தூக்கி நக்கியது. விரலை விடாமல் நக்கியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். இரண்டு வாய், மூன்று வாய் சாப்பிட்டிருக்கும். அதற்குமேல் முழுங்கத் தெம்பில்லை. பிறகு எது காட்டினாலும் அசையவில்லை.

மறுநாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு வரும்போது அந்தச் சத்தம் நின்றிருந்தது. இவர் அதை அதே துண்டில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார். குழி வெட்டியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் வெட்டுகிறேன் என்று சொல்லியும் மண்வெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை.

வாக்கும் போனது, பூனையும் போனது. இப்போது அவர் லேசாக இருமினால்கூட ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மழைக்காலம் வேறு வந்துவிட்டது. போன திங்கட்கிழமை இரண்டு பேருமாக நடராஜர் கோயிலுக்குப் போனோம். சன்னிதியில் நின்று மன்னிப்புக் கேட்கக் கையைக் கூப்பினேன். மீன் வெந்ததற்குக் கேட்பதா, அது பசித்துக் கிடந்தபோது வேகாமல் இருந்ததற்குக் கேட்பதா என்று தெரியவில்லை. இவரைக் காப்பாற்று என்று கேட்கவும் வாய் வரவில்லை. கொடுக்க இனி என்னிடம் என்ன இருக்கிறது? தீபாராதனை முடிந்து கூட்டம் நகர்ந்துவிட்டது. நான் கை கூப்பியபடியே நின்றிருந்தேன். இவர் திருநீற்றைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு, வா போவலாம் என்றார். வெளிப் படி இறங்கும்போது இருமினார்.