மல்லிகாவின் லேப்டாப்பில் இருந்த பழைய நான்

சாஃப்ட்வேர் எழுதுகிற வேலையில் எழுதுவது கால் பங்குதான். மீதி நேரமெல்லாம் நேற்று எழுதியதைப் பார்த்து "இதை எவன் எழுதினான்" என்று கோபப்படுவதிலும், அது நான்தான் என்று தெரிந்ததும் அடங்கிப்போவதிலும் கழிகிறது.

திரைக்கு முன்னால் முதுகு வளைந்துபோன என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் நாலு வரி. நிரலில் ஒரு மாற்றம் செய்தால், பெயரும் சின்னக் குறிப்பும் போட்டுப் பதிந்துவைப்போம். அது கமிட். கமிட்டுகள் வரிசையாகச் சேர்ந்தால் ஹிஸ்டரி. அதன் முழு நகல் எழுதுகிற ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் இருக்கும், எல்லோருக்கும் பொதுவான சர்வர் என்கிற கணினியிலும் ஒன்று இருக்கும்.

சட்டை மாற்றும் இடம்

தர்மபுரியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி அந்தோணிசாமி சார். பெங்களூரில் பல வருஷம் நிரல் எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். நான் மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்குப் பாதி உலகம் மறந்துவிடும். ஆபீஸ் வந்த பிறகும் அது முழுசாகத் திரும்பி வருவதில்லை.

சேர்ந்த முதல் வாரம், சர்வருக்கு அனுப்பிவிட்ட ஒரு கமிட்டின் குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்தக் கமிட்டையே மாற்றி மறுபடி ஏற்றிவிட்டேன். அதற்குள் சார் பழைய கமிட்டின் மேல் தன் வேலையைத் தொடங்கியிருந்தார். அவருக்கு அரை நாள் வீணானது. திட்டவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுச் சொன்னார்: "உன் வூட்டுக்குள்ள எத்தன தடவ வேணா சட்டைய மாத்திக்கப்பா. பஸ் ஏறினப்புறம் மாத்தாத."

மேகம் வந்தால்

சித்தேரி மலைக்கிராமங்களுக்குப் போகும் பஸ் இப்போது எங்கே வருகிறது என்று போனில் காட்டும் செயலி ஒன்றை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அதற்காகச் சேர்ந்தவர் மல்லிகா. இதில் எழுதுவது நாங்கள் இரண்டு பேர்தான், சாரிடம் நகல் கிடையாது. சித்தேரிக்காரர். அங்கேயே வீட்டில் இருந்து வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. வீட்டில் சிக்னல் கிடையாது. சாமைக் காட்டைத் தாண்டி ஒரு பாறை, அதன் மேல் ஏறினால்தான் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் எழுதிச் சேர்த்துவைத்து, பாறையேறி மொத்தமாக அனுப்புவார்.

அவை வந்து சேரும்போது நான் வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன். "புளியமரத்து வளைவு ஸ்டாப்பை நாற்பது அடி மேலே நகர்த்தினேன். மழைக்கு ஒதுங்க அங்கேதான் இடம்." "இந்த ஸ்டாப்பில் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பார், இரண்டு நிமிடம் சேர்த்தேன்." கீழே உரமூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான் மட்டும் அந்த வளைவில், ஈரப் புளியமரத்தடியில், வராத பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பேன். ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை. என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டபோது சொன்னார்: "மேகம் எறங்கிட்டா அனுப்பத்தாங்கண்ணா முடியாது. எழுதறதுக்கு என்னங்க?"

நான் செய்த சுத்தம்

செயலியை வாங்க நினைத்த ஒரு கம்பெனியிலிருந்து, ஹிஸ்டரி உட்பட எல்லாவற்றையும் பார்க்க ஆள் வருவதாகச் செய்தி வந்தது. அதைக் காட்டுகிற நிலையில் நான் வைத்திருக்கவில்லை. என் குறிப்புகள் அப்படி. "ஏன் ஓடுதுன்னு தெரியல, தொடாதே." "நேற்றைய நான் ஒரு மடையன்." "பசிக்குது, மீதி நாளைக்கு." ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு மயக்கத்தில் எனக்கு ஓர் அழகான யோசனை தோன்றியது. ஆறு மாத ஹிஸ்டரி முழுவதையும் ஒரே கமிட்டாகச் சுருக்கினேன். "செயலி, முதல் பதிப்பு" என்று கௌரவமாக ஒரு குறிப்பு. சர்வர் மறுத்தது, வற்புறுத்தி ஏற்றினேன். என் பழைய நகலையும் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொண்டேன். மல்லிகாவுக்கு மெசேஜ் போட்டேன்: "சர்வரில் சுத்தமாக வைத்திருக்கிறேன். உங்கள் பழைய நகலை அழித்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்." அன்று மாலை பஸ்ஸில் மனசு துடைத்த பலகை மாதிரி இருந்தது.

பலரின் கமிட்டுகளைச் சுருக்கினால் சுருக்கியவன் பெயர்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை காலை சார் ஹிஸ்டரியைத் திறந்தார். மல்லிகாவின் ஆறு மாதம் முடிகிறது, திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். "பாதி வேலை அந்தப் பொண்ணு செஞ்சதுங்க சார்" என்றேன். ஏன் பெயர் இல்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்: "நீ பெரிய மனசுல சொல்ற. ஆறு மாசமா அந்தப் பொண்ணு பேர்ல ஒரு வரி கூட இல்லையேப்பா."

ஒற்றை டிக்

வெளியே வந்து போனைப் பார்த்தேன். மல்லிகாவுக்குப் போட்ட மெசேஜில் ஒற்றை டிக். இன்னும் பாறை ஏறவில்லை. மெசேஜைப் பார்ப்பதற்குள் நான் போய்விட்டால் பழைய ஹிஸ்டரி பிழைக்கும். உலகத்திலேயே அது இப்போது அந்த ஒரு லேப்டாப்பில்தான் இருக்கிறது. மெசேஜையே அழித்துவிடலாம் என்பது அரூரில் மலை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போனை எடுத்தேன். இரண்டு டிக், இரண்டும் நீலம். கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காலியாக இருந்த சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. புளியமரத்து வளைவு வந்தது. நாற்பது அடி மேலே, சரியாக அவர் எழுதிய இடத்தில், ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று ஏறியது. ஹாரன் அடிக்கும் ஸ்டாப்பில் பஸ் இரண்டு நிமிடம் காத்தது. நான் கனவில் பார்த்த இடங்கள் எல்லாம் நிஜமாகவே இருந்தன. அவற்றை எழுதியவரைத்தான் நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று கண்டக்டரிடம் கேட்டேன். டிக்கெட்டைக் கிழித்தபடி அவர் சொன்னார்: "மலைல அவசரப்பட்டா கீழதாங்க போவோம்."

பாறை மேல்

மல்லிகா பாறையில்தான் இருந்தார், மடியில் லேப்டாப். என்னைப் பார்த்து எழுந்துவிட்டார். "அழிச்சிட்டீங்களா?" என்றேன், மூச்சு வாங்க. அவர் திரையைத் திருப்பினார். ஆறு மாதமும் இருந்தது. புளியமரம், ஹாரன், மழை, எல்லாவற்றிலும் அவர் பெயர். இடையிடையே என் பசியும் என் மடத்தனமும். அங்கேயே உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன், சார் சொன்னது உட்பட. அவர் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்றுவதற்கு முன் என் குறிப்புகளை மட்டும் திருத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் விரல் நின்றது. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் மாறிப்போகும், அவருடையதும்தான். விரலை எடுத்துக்கொண்டேன். உள்ளதை உள்ளபடி அவரே ஏற்றினார். கடைசியாக ஒரு புதிய கமிட்டை நான் சேர்த்தேன்: "ஹிஸ்டரியை அழித்தது நான். காப்பாற்றியது மல்லிகா." மேகம் வருவதற்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது. சொன்னபடி ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். லேப்டாப்பை மூடிக்கொண்டு சொன்னார்: "அழிக்கலாம்னுதாங்கண்ணா தொறந்தேன். புதுசுல தேடிப் பாத்தேன், நான் இல்ல. பழசுல இருந்தேன். நான் இருக்கற எடத்த நானே எப்படிங்க அழிக்கறது?"

சார் வாசித்தார்

திங்கட்கிழமை மல்லிகா இறங்கி வந்திருந்தார். சார் ஹிஸ்டரியை முதலிலிருந்து வாசித்தார், சத்தமாக, ஜெபம் படிக்கிற குரலில். "பசிக்குது, மீதி நாளைக்கு" வந்தபோதும் குரல் மாறவில்லை. கீழே உரக்கடைக்காரர் ஏறி வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். மல்லிகா ஒரே ஒரு முறை சிரித்தார், பிறகு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் சார் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மல்லிகாவிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சனிக்கிழம ஒரே வரியா பாத்தப்ப, நீயும் எங்கிருந்தோ காப்பியடிச்சிட்டேன்னுதாம்ப்பா நெனச்சேன். இத்தன தப்பு பண்ணியிருக்கறதப் பாத்தாத்தான் நீ எழுதினதுன்னு நம்பிக்க வருது."

ஆக, இத்தனை வருஷ சர்வீஸில் நான் எழுதியவற்றில், மல்லிகாவின் வேலையைக் கலைக்காமல் இனி யாரும் தொட முடியாதபடி என் பெயரில் நிலைத்துவிட்டது "பசிக்குது, மீதி நாளைக்கு" என்கிற ஒன்றுதான்.