சரிவு வெட்டிய பங்கர்

1986 ஆவணி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் புங்குடுதீவு பஸ் ஏறினேன். அந்தத் தீவின் மடத்துவெளியிலிருக்கும் என் தங்கை மங்கையையும் அவள் கணவர் செல்வராசாவையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவருவது நோக்கம். 83 இனக் கலவரத்தில் தெற்கிலிருந்த தன் கடை எரிந்தபோது மேல்மாடியிலிருந்து குதித்து முதுகெலும்பு முறிந்தவர் செல்வராசா. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ராணுவ ஹெலிகொப்டர் வந்து சுடுகிற நாட்களில் அவரால் எங்கே ஓட முடியும் என்பதே எங்கள் பயம்.

கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. பின்னால் கோட்டை ராணுவ முகாம். இருபுறமும் மறைவற்ற கடல்.

"தலையைக் குனியுங்கோ, என்ன படம் பாக்கவே வந்தனீங்கள்?" என்றார் கண்டக்டர்.

வேலணையில் தரை ஏறிய பிறகுதான் ஒருவர் வாய்திறந்து வெற்றிலை கேட்டார். புங்குடுதீவுக்குக் கடல் கடக்கும் வாணர் பாலத்தில் மறுபடியும் அதே மௌனம்.

செல்வராசா முற்றத்தில் சக்கரக் கதிரையில் இருந்தார்.

"கூட்டிக்கொண்டு போக வந்தனீரோ மச்சான்? முதல் இதைப் பாரும்."

வீட்டு வளவில் புதுப் பங்கர், பதுங்குகுழி. மேலே பனங்குற்றி, மண்மூட்டை. மற்ற வீடுகளில் இறங்குவதற்குப் படி வெட்டுவார்கள். இங்கே நீளமான சரிவு. குண்டுச் சிதறல் நேரே புகாதபடி உள்ளே ஒரு வளைவு. முதலில் வெட்டியபோது அந்த வளைவில்தான் பிழை நடந்திருந்தது.

"வெட்டின ஆக்கள் கதிரையை அளந்தவை, என்ரை கையை அளக்கேல்லை." சில்லைத் தள்ளும்போது மண்சுவரில் உரசித் தோலுரிந்த விரல் முட்டிகளைக் காட்டினார்.

"அளக்கேக்கை கையை மடியிலை வைச்சுக்கொண்டு ராசா மாதிரி இருந்தவர் அண்ணை! பிறகு நானும் அயல் வீட்டாருமாய் அகலமாத் திரும்ப வெட்டினது" என்றாள் மங்கை.

ஊனம் உடம்பில் மட்டும் இல்லை, படிகளையும் வாசல்களையும் கட்டுகிறவர்களிடமும் இருக்கிறது என்று வெளிநாடுகளில் பேசத் தொடங்கியிருப்பதாக ஒரு சஞ்சிகையில் வாசித்ததைச் சொன்னேன்.

"அது சரியான கதை. முந்தி ஹெலி வந்தா எல்லாரும் படி வைச்ச பங்கருக்குள்ளை, நான் அடுப்படிச் சுவரோடை. இப்ப பாரும், நான்தான் முதல் ஆள்."

மத்தியானம் அதைக் கண்ணால் கண்டேன். மேற்கே ஹெலி இரைச்சல் கேட்டதும் அவர் சில்லைத் தள்ளி, வளைவில் ஒருதரமும் முட்டாமல் இறங்கிவிட்டார். பின்னால் நாங்களும் அயல் வீட்டாரும். மேலே ஹெலி சுற்றியது. சூட்டுச் சத்தம் நெருங்கியது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள்.

அப்போது கதிரை தடதடவென்று ஆடத் தொடங்கியது. அவருடைய கால்கள் தாமாகவே உதறின. மங்கை அவர் முழங்கால்கள்மேல் விழுந்து அமுக்கினாள்.

"எரியுது மங்கை... நெருப்பு வைச்ச மாதிரி."

கிள்ளினால் தெரியாத கால்கள் எப்படி எரியும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஹெலி போனபின் மங்கை வெளியே என்னிடம் சொன்னாள்: "இருந்திருந்து பின்பக்கம் புண். எலும்புவரை போயிட்டுது அண்ணை, அதுதான் காய்ச்சலும் உதறலும். நீங்கள் கூட்டிக்கொண்டு போயிடுவியள் எண்டு மறைக்கச் சொன்னவர்."

செல்வராசாவுக்கு அது கேட்டுவிட்டது. கதிரையைச் சரிவின் பக்கம் திருப்பினார்.

"ஊர் எனக்கு எல்லாம் செய்து தந்தது மச்சான். இந்தப் புண்ணை ஊராலை ஏலாது. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பின்னேர பஸ்ஸில் அவரை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். பின் ஆசனத்தில் குப்புறக் கிடத்தினோம். கதிரை பஸ் கூரையில் ஏறியது. பண்ணையில் வந்தபோது அவர் உருளாதபடி தோளைப் பிடித்திருந்தேன்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். பல கிழமை கிடக்கவேண்டும் என்றார் டாக்குத்தர். மருந்து இருந்தது, தாதிமார் அன்பாக இருந்தார்கள். மங்கை ஆஸ்பத்திரி வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சை பங்கர் எப்பிடி?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார் செல்வராசா.

"படி. சரியான ஒடுக்கம்."

கோட்டைப் பக்கம் எறிகணை வெடித்தது; நடக்கக்கூடிய நோயாளர்கள் எழுந்து பங்கருக்கு ஓடினார்கள். மங்கை ஓடவில்லை. தன் பாயை எடுத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தாள்.