புழங்கிய சாமான்கள்

அவளும், கிடங்கில் எல்லோரும் டார்ச் சார் என்று கூப்பிட்ட சுங்க அதிகாரியும் முதன்முதலில் நேருக்கு நேர் நின்றது ஒரு மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. இடம், துறைமுகத்தின் மூன்றாம் எண் கிடங்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவள் அன்று கையெழுத்திட்ட வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே அது எழுதப்பட்டிருந்ததுதான். ஒன்பது ஆண்டுகள் அந்தத் தாள் அவருடைய மேசையின் இரண்டாவது இழுப்பறையில் கிடந்தது. ஒன்பது ஆண்டுகள் அவள் அந்த இழுப்பறைக்குப் பயந்து வாழ்ந்தாள். கடைசியில் அவருடைய டார்ச் அவள் மகளின் சாமான்கள்மேல் விழுந்தபோதும், அந்தத் தாள் அங்கேதான் இருந்தது.

சட்டம் எளிமையானது. வெளிநாட்டில் குடியிருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களைக் கப்பலில் கொண்டுவரலாம். அவை ஓராண்டுக்கு மேல் புழங்கியவையாக இருந்தால் சுங்கவரி கிடையாது. புதியவை என்றால் பொருளின் விலையில் ஏறக்குறைய பாதி வரியாகப் போய்விடும். ஆனால், திரும்புகிற யாரும் கடைசி மாதத்தில் கடைக்குப் போகாமல் இருப்பதில்லை. ஆகவே பெட்டிகள் கிடங்கில் இறங்குவதற்கும் அதிகாரி வந்து பார்ப்பதற்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று நாள்களில், புதியவற்றைப் பழையவையாக்கித் தரும் ஓர் ஆள், சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டுக்குத் தேவைப்பட்டது. பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளர். கிடங்கில் எல்லோருக்கும் கீறலக்கா.

அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் அவள் ஒரு பழைய மரச்சாமான் கடையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போன கணவன் திரும்பவில்லை. பள்ளிக் கட்டணம் கட்டும் நாள் மட்டும் தவறாமல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. பழசைப் புதுசு என்று நம்பவைத்த கை, இரட்டைக் கூலி என்றதும் புதுசைப் பழசு என்று நம்பவைக்கவும் பழகிக்கொண்டது. உப்புத்தாள், ஆறிய தேயிலைச் சாறு, ஒரு சாவிக்கொத்து, துணி சுற்றிய கல் ஒன்று: அவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள். அரை நாளில் ஒரு வீட்டுக்கே ஐந்து வயது கூட்டிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்திருந்தது ஒரு பல் டாக்டரின் சாமான். பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்க்கிற புதிய அதிகாரி, வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் இருந்த கீறலருகே குந்தி உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்தக் கீறல் யாரு போட்டது?"

"தெரியாதுங்க சார். வரும்போதே இருந்திருக்கும்."

"கப்பல் வந்து சேர இருபத்தெட்டு நாள். கடல் காத்துல அத்தனை நாள் கெடந்த கீறல்ல துளி துரு இல்ல. பளபளன்னு பல்லு காட்டுது. டாக்டர் வீட்டுது இல்லையா, அதான் போல."

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஏஜெண்ட் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், பரிசோதனை முடியும்வரை உள்ளே வரவே இல்லை. அவள் மட்டும் நின்றாள். வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதி முடித்ததும் அவர் தாளை மடித்துக்கொண்டு, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"இப்ப சொல்லு. நெஜப் பழசு எது, உன் பழசு எது? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கை படுற எடத்துலதான் சார் சாமான் பழசாகும். கைப்பிடி, ஓரம், காலு, அடிப்பக்கம். நாங்க போடுறது எல்லாம் கண்ணுல படுற எடத்துல. பாக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல?"

"நல்ல வாத்தியாரம்மா நீ. இந்தத் தாள் என் டிராயர்ல பத்திரமா இருக்கும். நான் கூப்பிடறப்பெல்லாம் வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். வரலன்னா தாள் மேல போகும், நீ உள்ள போவே."

அன்றிலிருந்து அவள் சாவிக்கொத்தைத் தொடவில்லை. துடைப்பத்தோடு கிடங்கில் இருந்தாள். அவருக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் கூப்பிட்டனுப்புவார். அவள் பொருளைச் சுற்றி ஒருமுறை நடப்பாள், அடிப்பக்கத்தை விரலால் தடவுவாள், புதுசு என்றோ பழசு என்றோ சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சொல்லுக்கு மேல் முறையீடு கிடையாது.

முதல் ஆண்டில் அது அவளுக்கு வலித்தது. பிறகு வலிக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் நாக்கும் ஒரு கருவிதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒருமுறை ஒரு நர்ஸம்மாவின் கட்டிலும் மெத்தையும் வந்திருந்தன. நான்காண்டுகளுக்கு முன் வாங்கியவை என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள். மெத்தையின் நடுவில் பள்ளம் இல்லை, கட்டிலின் மூட்டுகளில் தளர்ச்சி இல்லை. கீறலக்கா புதுசு என்றாள்.

"ரெண்டு ஷிப்டு பாத்தேம்மா," என்றாள் நர்ஸம்மா. "தூங்க நேரம் கெடைச்சாத்தானே பழசாகும்? நீங்களே சொல்லுங்க."

அவள் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். நர்ஸம்மா வரி கட்ட வழியில்லாமல் கட்டிலைக் கிடங்கிலேயே விட்டுப் போனாள். மதிய உணவு இடைவேளையில் மேஸ்திரி அதில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "கீறலக்கா புண்ணியத்துல ராசா மாதிரி தூங்கறேன்," என்றார். அவளும் சிரித்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மகளைப் படிக்க வைத்ததும், கணக்காளர் வேலைக்கு ஆளாக்கியதும், வெளிநாட்டில் இருந்த ஒரு பொறியாளருக்குக் கட்டிக்கொடுத்ததும் இந்தக் கூலியில்தான். மாப்பிள்ளை வீட்டு ஃபிரிட்ஜுக்கு இரட்டைக் கதவு என்பதைக் கிடங்கில் கேட்காத காதில்லை. போனில் மகளின் முகம் மட்டும் தெரியும். அதுவும் திரை நிறைய, மிக அருகில். வீட்டைக் காட்டச் சொன்னால், "அப்புறம் காட்டறேம்மா, துடைச்சிட்டிருக்கேன்," என்பாள். நான்கு ஆண்டுகளும் அவள் துடைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

பிறகு ஒரு நாள் மகள் தனியாக வந்து இறங்கினாள்.

"ஒத்து வரலம்மா. சாமான் பூரா என் சம்பளத்துல வாங்கினது. அனுப்பிட்டேன், கப்பல்ல வருது. அதுக்கு மேல எதுவும் கேக்காதே."

தாய் கேட்கவில்லை. இரண்டு அறையுள்ள ஒரு வாடகை வீடு பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. உள்ளே வைக்க மகளுக்கு இருந்தது அந்தச் சாமான் மட்டும்தான். எல்லாம் நான்காண்டு புழங்கியவை. பயப்பட எதுவுமில்லை என்றுதான் தாய் நினைத்தாள். இருந்தாலும் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று, பெட்டிகள் இறங்கிய அன்றே மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிடங்குப் பக்கமே போகாமல் இருந்தாள். ஆனால் மேஸ்திரி, வழக்கம்போல, எல்லோருக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கோடு இழுத்துவிட்டிருந்தார். பதிவேட்டின்படி அந்த மூன்று நாளும் அவள் மகளின் பெட்டிகளோடு கிடங்குக்குள்ளேயே இருந்தாள்.

"அடடே, வாத்தியாரம்மா வீட்டுச் சாமானா?" என்றபடி, நான்காம் நாள் மகளோடு வந்து நின்றவளிடம் டார்ச் சார் வந்தார். செய்தி பரவி, பக்கத்துக் கிடங்கு ஆள்களும் வந்து நின்றார்கள்.

"கீறலக்கா, இன்னிக்கு நீங்க சொல்லுங்க பாப்போம், புதுசா பழசா?" என்றான் ஒருவன்.

"ரெட்டைக் கதவுடா, மரியாதையா பேசு," என்றான் இன்னொருவன்.

பெட்டிகள் உடைக்கப்பட்டன. டார்ச் வெளிச்சம் ஃபிரிட்ஜின் கைப்பிடியில் நின்றது. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை. ஓரங்கள், அடிப்பக்கம், சக்கரங்கள் எல்லாம் கடையிலிருந்து வந்தவைபோல் மின்னின. வெளிச்சம் மேலேறி, இடது கதவின் நடுவில் இருந்த பள்ளத்தில் தங்கியது. பிறகு, பின்கால் பிளந்து ஒட்டப்பட்டிருந்த ஒரு நாற்காலிக்குப் போனது. கைப்பிடி நசுங்கிய இஸ்திரிப் பெட்டிக்குப் போனது. ஆறு தட்டுகள் இருக்க வேண்டிய அட்டையில் இரண்டே தட்டுகள் இருப்பதைக் காட்டியது.

"நாலு வருஷமாப் புழங்கினதாம். கை படுற எடம் ஒண்ணுகூடப் பழசாகல. கண்ணுல படுற எடத்துல மட்டும் அடி விழுந்திருக்கு. இது நீயே சொல்லிக் கொடுத்த பாடம்மா. பதிவேட்டுப்படி மூணு நாளும் இங்கதான் இருந்திருக்கே. எந்தச் சாமான்ல எது உன் வேலை? சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். பதற்றம் இல்லாமல், தன் தொழிலின் கண்ணால்தான் முதலில் பார்த்தாள். சுத்தியல் அடித்தால் பள்ளம் கூராக இருக்கும், பெயிண்ட் உதிரும். இது அகலமாக, வட்டமாக இருந்தது. பெயிண்ட் உதிராமல், விளிம்பில் மட்டும் மயிரிழைபோல் வெடித்திருந்தது. மேலே மெத்தென்றும் உள்ளே கெட்டியாகவும் உள்ள ஒன்று மோதினால்தான் இப்படி விழும். அதற்காகத்தான் அவள் கல்லில் துணி சுற்றுவாள். பள்ளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கையால் அளந்தாள். பிறகு நிமிர்ந்து, சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தாள். மகள் உயரத்தில் தாயைவிட இரண்டு விரற்கடை அதிகம்.

நான்காண்டுத் தொலைபேசி சொல்லாததை ஒரு ஃபிரிட்ஜ் கதவு சொல்லிவிட்டது. விரல் தடம் ஒன்று கண்ணில் பட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும், அந்தக் கைப்பிடி ஏன் அப்படி மின்னுகிறது என்பதும் அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கின.

அவள் முன் இரண்டு பதில்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் சாமான் வீடு போய்ச் சேரும்; ஆனால் மகள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இருபது ஆம்பிளைகள் முன்னால் தாய் சொன்னதாக ஆகும். பொய்யைச் சொன்னால் சாமானும் போகும், வேலையும் போகும், இழுப்பறைத் தாளும் மேலே போகும்.

"நான்தான் சார் போட்டேன்."

கூட்டத்தில் ஒரு சீழ்க்கை எழுந்தது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எதை வெச்சு?"

"துணி சுத்தின கல்லு சார்."

"எல்லாமே பழைய சாமான்னா எதுக்குப் போட்டே?"

"பழக்கம் சார். கை சும்மா இருக்கல."

"பெத்த பொண்ணு சாமானையே விடல பாரு," என்றார் மேஸ்திரி. சிரிப்பு கிடங்கின் கூரைவரை போயிற்று.

"அம்மா, சும்மா இரு," என்றாள் மகள்.

அவள் நடந்து வந்தாள். தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, தலையைப் பின்னால் சாய்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பின்னந்தலை அந்தப் பள்ளத்தில் பொருந்தியது.

"கல்லு இல்ல சார். போதுமா?"

சிரிப்பு நின்றது. சீழ்க்கை அடித்தவன் தரையைப் பார்த்தான். டார்ச் சார் டார்ச்சை அணைத்தார். அணைத்தது ஒரு நொடிக்குத்தான். மறுபடி போட்டுக்கொண்டு பட்டியலைப் பிரித்தார்.

"தேதி சொல்லும்மா. ஓராண்டுக் கணக்கு இருக்கு. இது எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பிப்ரவரி."

"நாற்காலி?"

"அதே வருஷம், ஜூலை."

"தட்டு?"

"அது ஒவ்வொண்ணா. கடைசித் தட்டு போன வருஷம் ஜனவரி."

"இஸ்திரிப் பெட்டி?"

மகள் சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதுக்கு ஒரு வருஷம் ஆகல சார். ஏழு மாசம்தான்."

"அப்ப அது பழசுக் கணக்குல வராதே."

ஆகவே இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் வரி போடப்பட்டது. தாய் கட்டினாள். மற்றவற்றுக்கு நேரே 'புழங்கியவை, அனுமதிக்கலாம்' என்று அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தாயிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பொய்யா ஒப்புக்கிட்டே பாரு, அதையும் டிராயர் தாள்லயே சேத்துடறேன். தனியா ஒரு தாள் எதுக்கு?"

சாமானை வண்டியில் ஏற்றும்போது ஆள்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூச்சப்பட்டு, எங்கோ பார்த்தபடி தூக்கியதில் மகளின் வாஷிங் மெஷின் கைதவறி விழுந்தது. அதன் கண்ணாடி மூடி சுக்குநூறானது. பரிசோதனைக்கு வந்த பொருள் கிடங்கை விட்டுப் போவதற்குள் உடைந்தால் சுங்கத்துறைதான் பொறுப்பு. அதிகாரி விதிப்படி ஒரு சீட்டும் இழப்பீடு கேட்பதற்கான ஒரு படிவமும் கொடுத்தார். மகள் ஏற்கெனவே வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டதால், தாய் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள், போகாமல் முடியாது. டார்ச் சார் கூப்பிட்டார். ஒரு சோபாவைச் சுற்றி நடந்தாள், அடிப்பக்கத்தைத் தடவினாள், "தெரியல சார்," என்றாள். மறுமுறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை அவர் தாளை மேலே அனுப்பினார். அவள் வேலை போயிற்று. இப்போது ஒரு பள்ளியின் கழிப்பறைகளைக் கழுவுகிறாள்.

படிவத்தைப் பற்றித் துறையின் முகப்பில் இருந்த எழுத்தர் நல்லபடியாகவே சொன்னார்: "மூடி கண்டிப்பாத் தருவாங்கம்மா. கெடுவெல்லாம் கிடையாது. நிரப்பி எப்ப வேணும்னாலும் கொண்டாங்க." அதன் ஆறாவது பத்தி இப்படி இருந்தது: 'பரிசோதனைக்கு முன் பொருள்களின் நிலை. முந்தைய சேதங்கள் இருப்பின், அவை ஒவ்வொன்றும் நேர்ந்த விதமும் தேதியும்.'

அவள் அதைப் படித்தாள், நான்காக மடித்தாள். மூடி இல்லாமல் மெஷின் ஓடாது. தாயும் மகளும் குளியலறையில் எதிரெதிரே உட்கார்ந்து கையால் துவைக்கிறார்கள். துறை அவளுக்கு ஒரு கண்ணாடி மூடி தரவேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு அவள் ஒருநாளும் போகவில்லை.