எடை மேடைக் கொளஞ்சியம்மாள்

குடிகாட்டுப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களிடம் பஞ்சநாதன் எடை மேடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கொளஞ்சியக்கா எடை மேடை என்று கேட்டால் உடனே கை நீட்டிவிடுவார்கள். முதலாளி பஞ்சநாதனுக்கும் இது தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் இரும்புக் கடை வைத்திருக்கும் அவர் மாதத்துக்கு இரண்டு முறைதான் இந்தப் பக்கம் தலைகாட்டுவார். அவரே வழி மறந்துபோனால் கொளஞ்சி பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள்.

கொளஞ்சியம்மாளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பிறந்தது குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில். பத்தாவது முடித்த கையோடு குடிகாட்டு ராஜாமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கத்தரியும் போடுகிற அளவுக்கு நிலம் இருந்தது. 2008-இல் எடை மேடை திறந்தபோது கொளஞ்சியம்மாளை வேலைக்கு எடுத்தது கூட்டிப் பெருக்கத்தான். லாரி ஏறும் இரும்பு மேடைக்கும் ஓரத்துச் சிமெண்டுக்கும் நடுவில் ஜல்லி சிக்கிக்கொண்டால் எடை தப்பாகக் காட்டும். அதைக் குச்சியால் நோண்டி எடுப்பதுதான் அவளுடைய முக்கியமான வேலை.

மூன்றாவது மாதம், கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஆள் திருப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு சவுக்கு லோடு வந்து நின்று ஹாரன் அடித்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக ஜன்னல் வழியே பார்த்தது போதுமானதாக இருந்தது. வண்டி நம்பரைத் தட்டினாள், எடையை ஏற்றினாள், சீட்டு அடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பதினேழு வருடம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

மேடையோடு கூடவே வந்த கம்ப்யூட்டர் அது. உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. ஆன் செய்தால் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வரும். தானே வெட்டித் தைத்த பூப்போட்ட உறையால் ராத்திரியில் அதை மூடிவைப்பாள். ஆடி வெள்ளிக்குத் திரையின் மூலையில் குங்குமம் வைப்பாள். வெயில் காலத்தில் ஃபேன் தன் பக்கம் திரும்புவதைவிட அதன் பக்கம் திரும்பவேண்டும் என்பாள்.

சென்ற மார்கழியில்தான் சிக்கல் வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, தன் லாரிகளை எல்லாம் இங்கேதான் எடை போடும். சாயங்காலம் அந்தக் கம்பெனி ஆள் வந்து, அன்றைய பட்டியலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாள் அவர் பென் டிரைவைக் கொண்டுவரவில்லை. ஒரு கடிதம்தான் கொண்டுவந்தார். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வந்த வைரஸ் எங்கள் கேட் ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வருகிற புதிய கம்ப்யூட்டருக்கு மாறினாலொழிய, தை பிறந்த பிறகு உங்கள் சீட்டை ஏற்கமாட்டோம் என்று எழுதியிருந்தது.

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. பஞ்சநாதனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பதினேழு வருசத்துல ஒரு சீட்டு தப்பா குடுத்திருக்குமா இது? சீக்கு இருக்குதுன்னு எழுதி அனுப்புறாங்க!"

"எனக்கும் மனசில்லதான் கொளஞ்சி. கம்பெனிக்காரன் போய்ட்டா மேடைய வச்சிக்கிட்டு என்னா பண்றது? சிதம்பரத்துல என் மச்சான் ரைஸ் மில்லுக்குக் கம்ப்யூட்டர் பாக்குற அம்மா ஒருத்தவுங்க இருக்காங்க. அனுப்பிவைக்கிறேன். சண்ட போடாத."

வந்தவள் பெயர் இசைவாணி. நாற்பது வயதிருக்கும். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்து, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். ஸ்கூட்டியின் முன்னால் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தபின் பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"எம்மா! எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க அக்கா. நான் பாக்குற எடத்துல எல்லாம் உள்ள பல்லி முட்டதான் இருக்கும்."

இந்த ஒரு வார்த்தையில் கொளஞ்சியம்மாளின் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதிக்கு வாதாடிப் பார்த்தாள்.

"நல்லா ஓடுறத எதுக்கு மாத்தணும்?"

"ஓடுது அக்கா, இல்லங்கல. பூட்டுல ஓட்ட இருக்குன்னு தெரிஞ்சா, செஞ்சவன் வந்து அடச்சிட்டுப் போவணும் இல்ல? இதுக்கு 2014லயே அடைக்க வர்றத நிறுத்திட்டாங்க. எங்கெங்க ஓட்டன்னு திருடனுக்குப் பாடமா தெரியும். அடைக்கத்தான் ஆளில்ல."

"இதுல நெட்டே கெடையாதே. திருடன் எப்பிடி வருவான்?"

"பென் டிரைவுல ஏறி வருவான். டிரைவருங்க போனு சார்ஜ் போட ஒயரு சொருவுறாங்க பாருங்க, அதுல வருவான்."

கொளஞ்சியம்மாள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அப்போதும் அதில் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பிடுங்கினாள்.

இசைவாணி முதலில் பழைய பட்டியல்களை எல்லாம் நகல் எடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, தனியாக வைத்துக்கொண்டாள். பிறகு பழையதை அணைத்தாள். மேடையிலிருந்து வருகிற ஒயரின் தலையில் ஒன்பது ஓட்டைகள். அதைச் சொருகப் புதுக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. இதை எதிர்பார்த்து அவள் ஒரு கன்வர்ட்டர் கொண்டுவந்திருந்தாள். சொருகினாள். புது மென்பொருளைத் திறந்தாள். எடை வரவேண்டிய இடத்தில் கட்டம், கேள்விக்குறி, புரியாத கிறுக்கல்.

"பழசுல என்ன செட்டிங்னு ஒரு தடவ பாத்துக்குறேன்" என்று பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப ஆன் செய்தாள். அது ஒரு முறை விசில் அடித்தது. அவ்வளவுதான். புல்மேடும் வரவில்லை, வானமும் வரவில்லை.

வெளியே நான்கு லாரிகள் நின்றன. மேடைக்கு மேலே இருந்த சிவப்பு எழுத்துப் பெட்டி மட்டும் எடையைச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கையால் எழுதிய சீட்டைக் கம்பெனி கேட்டில் வாங்கமாட்டார்கள். இசைவாணி ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்தாள். கிறுக்கல் வேறு கிறுக்கலாக மாறியது. மேடை போட்டுக் கொடுத்த ஆளின் நம்பருக்கு அடித்தால், அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது.

"அக்கா, அந்தச் செவப்புப் பெட்டி கம்ப்யூட்டருக்கு எண் அனுப்புற வேகம் ஒண்ணு இருக்கும். அது தெரிஞ்சா போதும். எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"வேகமா? அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்?" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "காலைல தொறந்தா கீழ ஒரு வரி வரும். வந்து ஒடனே போயிடும். அதுவா இருக்குமா?"

"என்னா வரி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினேழு வருடம் தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டே பார்த்த வரி அது. அர்த்தம் தெரியாமலே மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்திலேயே சொன்னாள்: "காம் ஒன், டூ ஃபோர் ஸீரோ ஸீரோ, ஈ, செவன், ஒன்."

இசைவாணி உடனே கீபோர்டுப் பக்கம் திரும்பினாள். சொன்னதை அப்படியே தட்டினாள். கிறுக்கல் மறைந்தது. அந்த இடத்தில் வரிசையாகப் பூஜ்ஜியங்கள் வந்து நின்றன. மேடை காலியாக இருந்ததால் அதுதான் சரி. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அரசு, வண்டிய ஏத்து!" என்று ஜன்னல் வழியே கத்தினாள் கொளஞ்சியம்மாள். அரசு தினமும் வருகிற டிரைவர். தைப்பூசத்துக்கு வடலூர் சபைக்குப் போகவேண்டிய அரிசியை ஏற்றுவதற்காகக் காலி லாரியோடு வந்திருந்தான். பத்துச் சக்கர லாரி மெதுவாக மேடை ஏறியது.

திரையில் 64,800 என்று வந்தது.

"என்னாக்கா, எவ்ளோ?" என்றான் அரசு.

"அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு கிலோ."

"காலி வண்டியா? காலைல நாலு இட்லிதான்க்கா தின்னேன்!"

பின்னால் நின்ற டிரைவர்களெல்லாம் இறங்கிவந்து ஜன்னலில் முகத்தை வைத்துச் சிரித்தார்கள். இசைவாணிக்கு நெற்றி வியர்த்தது. கன்வர்ட்டரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினாள். அதே எண். கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரசுவின் காலி வண்டி எவ்வளவு இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எட்டாயிரத்து நானூற்று அறுபது. திரையில் இருப்பதும் அதே எண்கள்தானே?

"வாணி, இத வலது பக்கத்துலேர்ந்து படி."

இசைவாணி விரலை வைத்துப் படித்தாள். முன்னால் மறைந்திருந்த ஒரு பூஜ்ஜியத்தையும் சேர்த்துக்கொண்டால், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், எட்டு, நாலு, ஆறு, பூஜ்ஜியம். "அட! பெட்டி கடைசி எண்ண மொதல்ல அனுப்புது!" மென்பொருளில் எண்களைத் திருப்பிப் போடுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டாள். 8,460 வந்தது. பிரிண்டர் கரகரவென்று ஓடிச் சீட்டைத் தள்ளியது. அரசு அதைக் கையில் வாங்கி, "இப்பதான் எளச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலைக்குள் கொளஞ்சியம்மாள் புதுக் கம்ப்யூட்டரில் முப்பத்தொரு வண்டிக்குச் சீட்டு அடித்துவிட்டாள். பட்டியலைத் தன் போன் நெட் வழியாகவே கம்பெனிக்கு அனுப்பவும் கற்றுக்கொண்டாள். புறப்படும்போது இசைவாணி ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்:

"அக்கா, சிதம்பரம் ரோட்டுல இன்னும் ஏழு எட்டு மேடை இருக்கு. எல்லாத்துலயும் அப்டேட் நின்னுபோன கம்ப்யூட்டர்தான். சில பேர்கிட்ட எக்ஸ்பி, சில பேர்கிட்ட செவன். நான் சொன்னா, இந்தம்மா கம்ப்யூட்டர் விக்க வந்துட்டாங்கன்னு நெனைக்கிறாங்க. எனக்கும் மேடை பத்தி ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கெழம என்கூட வர்றீங்களா? வர்றதுல பாதி உங்களுக்கு."

ராஜாமணியிடம் கேட்டபோது அவர் கத்தரிச்செடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா. சோறு நான் ஆக்கிக்கிறேன். கொழம்பு மட்டும் வச்சிட்டுப் போ" என்றார். பஞ்சநாதன்தான் கொஞ்சம் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு என்றாலும் நாற்காலியில் யார் உட்காருவது? கடைசியில் தானே உட்காருவதாக ஒப்புக்கொண்டார்.

முதல் ஞாயிறு புதுச்சத்திரம் பக்கத்து மேடை. ஆபரேட்டர் குப்பு, அறுபதைத் தொட்டவர். இவர்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி சம்மதித்தாலும் தான் சம்மதிக்கமாட்டேன் என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. இசைவாணி வைரஸ் பற்றி விளக்கினாள். அவர் சாலையைப் பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் சும்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு லோடு வந்து போனது. அவர் சீட்டு அடித்து முடித்தவுடனே கை தானாக ஒரு சீட்டாட்டத்தைத் திறந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன ஆட்டம் ஜெயிச்சிருக்கீங்கண்ணே?"

குப்புவின் முகம் மலர்ந்தது. "ஆறாயிரத்து எரநூறு ஆட்டம். நூத்துக்குத் தொண்ணுத்தி ரெண்டு ஜெயிப்பு. பதிமூணு வருசம்மா!"

"புதுசுலயும் ஆட்டம் இருக்குண்ணே. ஆனா இந்தக் கணக்கு அதுக்கு வராது. பொய் சொல்ல மாட்டேன்."

குப்பு அந்தக் கணக்கை இன்னொரு முறை திறந்து பார்த்துக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து, அந்தக் கணக்குத் தெரிகிற மாதிரி திரையை மூன்று படம் பிடித்தார். அவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதன் பிறகே நாற்காலியைத் தள்ளி எழுந்தார். அங்கே வேலை சுலபமாக முடிந்தது. நான்கு நாள் கழித்து கொளஞ்சியம்மாளுக்குப் போன் செய்து, புதுசில் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டதாகவும் சீட்டு கலைக்கிற விதம் சரியில்லை என்றும் புகார் சொன்னார். அரைமணி நேரம் பேசினார்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சிதம்பரத்துக்கே போனார்கள். பஞ்சநாதனின் மச்சான் செந்தமிழ்செல்வனின் ரைஸ் மில். வேலையைத் தொடங்குகிற நேரத்தில் இசைவாணியின் மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. "நீங்க ஆரம்பிங்க அக்கா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுறேன்" என்று போய்விட்டாள்.

கொளஞ்சியம்மாள் இதுவரை தனியாக ஒரு கம்ப்யூட்டரையும் மாற்றியதில்லை. ஆனாலும் மில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்க முடியாது. பழைய கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால் கீழே வருகிற வரியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பட்டியல்களை நகல் எடுத்தாள். எடுத்தது திறக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். ஒயரை மாற்றினாள். உள்ளங்கையைப் பார்த்துத் தட்டினாள். நெல் லோடு மேடையேறியது. முதல் தடவையே எடை நேராக வந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. பஞ்சநாதன். பின்னணியில் ஒரே ஹாரன் சத்தம்.

"கொளஞ்சி, ஆறு வண்டி நிக்குதும்மா! சீட்டு வரவே மாட்டேங்குது. எத அமுக்குனாலும் ஷ்யூரா, ஷ்யூரான்னு கேக்குது!"

"ஷ்யூர்னு அமுக்குங்கண்ணே."

"அமுக்கலாமா? ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன், அமுக்குங்க."

போனுக்குள் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பஞ்சநாதன் யாரிடமோ வெற்றிகரமாக, "பாத்தியா, வந்துடுச்சு!" என்று கத்தினார். நன்றி சொல்ல மறந்து போனை வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த செந்தமிழ்செல்வன், "யாரு, மாமாவா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சீர்காழிப் பக்கம் இன்னும் இரண்டு மில் இருக்கிறது, அவர்களுக்கும் சொல்கிறேன், கார்டு இருந்தால் கொடுங்கள் என்றார். கார்டுக்கு அவள் எங்கே போவாள்? சோதனைக்காக அடித்த சீட்டின் பின்னால் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தாள். ராஜாமணி வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா, நடராசரப் பாத்தியா?"

"எங்க மாமா, நேரமே இல்ல. கோபுரம் பஸ்லேர்ந்து தெரிஞ்சுது, கையெடுத்துக் கும்பிட்டுக்கினேன்."

"சிதம்பரம் வரைக்கும் போயி கோயிலுக்குப் போவாம வந்த ஆளு நீ ஒருத்திதான்."

"வர்ற ஞாயித்துக்கெழமையும் அங்கதான் வேல. இன்னும் ஒரு மில்லு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் உடைத்து வைத்திருந்த பருப்பில் ஒரு கை அள்ளிக்கொண்டு, உள்ளங்கையில் இருந்த மையைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனாள்.