உள்தகட்டில் நாற்பத்தேழு

உடையப்பன் கோல சிலாங்கூர்ப் பக்கம் பதினோரு வருடம் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். வெட்டிய குலையின் காம்பில் தன் எண்ணை எழுதிவிட வேண்டும். மறந்தால் குலை அடுத்தவன் பேரில் போய்விடும். அவர் எண் நாற்பத்தேழு. தோட்டத்தை விட்டு, புஞ்சாக் ஆலாமில் வீடியோ கேம் பெட்டி பழுது பார்க்கும் கடை போட்ட பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும், மூடும் முன் உள்தகட்டில் 47 என்று எழுதாமல் விட மாட்டார்.

போன வருடம் கோகிலன் என்ற விற்பனைக்காரன் ஒரு சுவரொட்டியோடு வந்தான். பழைய பெட்டியைக் கொடுத்தால் கம்பெனி அதை மண்ணுக்குக் கேடில்லாமல் நொறுக்கி உருக்கிவிடுமாம். பதிலுக்குப் பச்சை இலை முத்திரை போட்ட புதுப் பெட்டி, பாதி விலையில்.

“எங்கப்பா நொறுக்குறீங்க?”

“ஃபேக்டரியிலதாண்ணே.”

“அதான், எந்த ஃபேக்டரி?”

“என்னண்ணே, போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க! ஊருக்கு நல்லது லா.”

ஊருக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை உடையப்பன் நம்புவதில்லை. ஆனால் மனைவி புஷ்பவள்ளி, “எல்லாத்துலயும் நொட்டை பாத்தா கடைய இழுத்துச் சாத்திட்டு வாங்க” என்றாள். சுவரொட்டி ஏறியது. உடையப்பன் கடையாச்சே என்று முப்பது பேர் பழைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷர்மினி அதில் ஒருத்தி. அவர் கடையிலேயே வாங்கிய புதுப் பெட்டி பத்தே நாளில் சூடாகி அணைந்துபோக, தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கண்முன்னேயே திறந்தார். உள்தகட்டில் 47. அவர் கையெழுத்து.

ஷர்மினி அந்த எண்ணை முன்பே பார்த்திருக்கிறாள்; அவளுடைய பழைய பெட்டியில் அவர் எழுதியதுதான்.

“அண்ணே, இது உங்க நம்பர்தானே? புதுச எடுத்துக்கிட்டு எனக்குப் பழசத் தள்ளிவிட்டீங்களா?”

“நான் இதத் தொறந்ததே இல்லம்மா.”

“அப்போ நம்பர் தானா முளைச்சுச்சா?”

உடையப்பன் வாசலை எட்டிப் பார்த்தார். இவள் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பது வீட்டிலும் அவர்தான் திருடன். அலமாரியில் கம்பெனி சீல் பிரிக்காத பெட்டி மூன்று இருந்தது. ஸ்க்ரூடிரைவரை அவள் பக்கம் தள்ளினார்.

“நான் தொடல. நீயே எடு, நீயே பிரி.”

ஷர்மினி சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். பிறகுதான் பிரித்தாள். மேல் ஓடு புதுசு, பளபளவென்று இருந்தது. உள்ளே கரப்பான் முட்டை ஓடு, பஞ்சு மாதிரி தூசு, தகட்டில் 47.

“அடப்பாவி, நொறுக்கவே இல்லையே!” என்று புஷ்பவள்ளி வாயில் கை வைத்தாள். “மேல சட்டைய மாத்தி நம்மகிட்டயே வித்திருக்கான்.”

ஷர்மினியின் குரல் இறங்கியது. “அண்ணே, நான் உங்களப் போயி…”

“விடும்மா. உன் எடத்துல நான் இருந்தா இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.”

உடையப்பன் சுவரொட்டியை ஓரம் கிழியாமல் உரித்துச் சுருட்டினார். இலை முத்திரையும் பொய் வாக்குறுதியும் அதில்தானே அச்சாகியிருக்கிறது. வாங்கி ஏமாந்தவர்கள் புகார் கொடுக்கும் பயனீட்டாளர் அலுவலகத்தில் அதுதான் பேச வேண்டும். திறந்த இரண்டு பெட்டிகளையும் பையில் வைத்தார். மீதி இரண்டில் ஒன்றைப் புஷ்பவள்ளி பிரிக்கப் போனாள்.

“கைய எடு. அத ஆபிசர் பிரிக்கட்டும். நாம பிரிச்சா, நாமளே எழுதினோம்னு சொல்லுவாங்க.”

ஷர்மினியைப் பார்த்தார். “நீயும் வா. நான் மட்டும் சொன்னா எவன் நம்புவான்?”